நூலின் மறுநுனி

ஒடுகத்தூர்
20.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எழில் எழுதுவது. போன வாரம் எடுத்த ரத்தத்தில் கிரியாட்டினின் 1.2, ஏறாமல் அதே நம்பரில் நிற்கிறது. அண்ணன் கொடுத்த கிட்னி ஜோராக இருக்கிறது, அதைச் சுமக்கிறவள்தான் பேஜாராக இருக்கிறாள். அங்கே நீங்கள், அண்ணன், குட்டி சௌமியா எல்லோரும் எப்படி? இந்த வெயிலில் அண்ணன் தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கிட்னிக்காரர்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். பார்லரில் உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். "சொல்லு எழிலு" என்று நீங்கள் கத்தினால், நாற்காலியில் இருக்கிறவரோடு வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஷூ கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் காது கொடுப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஆபரேஷன் முடிந்து நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தபோது சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டோமே, அது போல நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ரெக்கார்ட் கிளார்க் வேலைக்கு ஜூன் 16ஆம் தேதி இன்டர்வியூ. தனி அறை, பசை நெடி கிடையாது, டாக்டரும் போகலாம் என்றுவிட்டார். மூன்று வருஷமாக இந்த நாலு சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிறது அண்ணி. ஆனால் அன்றைக்கே அடையாள அட்டைக்குப் போட்டோ எடுப்பார்கள். மாஸ்க்கைக் கழற்ற வேண்டும்.

கிருமிக்குப் பயந்து மாஸ்க் போடுகிறேன் என்று ஊரே நினைக்கிறது. பாதிதான் உண்மை. மீதி, மீசை. கிட்னிக்காகப் போடுகிற மாத்திரை செய்கிற வேலை. மேலுதடு, தாடை, கன்னம் எல்லாம் கறுகறுவென்று முடி. "பூனை முடிதானே" என்கிறாள் அம்மா. பூனைக்கு அது அழகு. எனக்கு இருபத்தேழு வயது.

நீங்கள் எடுத்துவிட முடியுமா? அண்ணனிடம் சொல்ல வேண்டாம், அது உடனே கவலைப்பட ஆரம்பித்துவிடும்.

உங்கள் பதிலுக்குத் தபால்காரரை வாசலிலேயே மறிக்கப்போகும்,
எழிலரசி

*

ஆம்பூர்
25.4.2025

அடியே எழிலு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணன் தண்ணீர் குடிக்கிறார், நான்தான் பாட்டிலோடு பின்னாலேயே ஓடுகிறேன். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

இந்தச் சின்ன விஷயத்துக்கா இரண்டு பக்கம் எழுதினாய்! பதினாலு வருஷமாக இந்தக் கையில் நூல் பிடிக்கிறேன். காலை ஷிஃப்ட் முடிந்து வருகிற பெண்களுக்கு ஒரு மணி நேரத்தில் பத்துப் புருவம் எடுப்பேன். ஒருத்தி "ஆ" என்றதில்லை. வேலூரில் கோர்ஸ் படித்தபோது எங்கள் மிஸ் சொல்வார்கள், "பூர்ணிமா கையில் நூல் சொன்ன பேச்சைக் கேட்கும்" என்று. உன் மீசை என்ன, வீரப்பரம்பரை மீசையா? பத்து நிமிஷ வேலை.

முகம் பூராவும் எடுத்துவிட்டு, ப்ளீச் போட்டு, பழ ஃபேஷியலும் பண்ணிவிடுகிறேன். இன்டர்வியூவில் கேள்வி கேட்கிறவன் கேள்வியை மறந்துவிட வேண்டும்.

என் புருஷனில் ஒரு துண்டு உன்கிட்ட இருக்கிறது. அதைச் சுமக்கிற பெண் முகத்தை மூடிக்கொண்டு திரியலாமா? நான் இருக்கும்போது? எப்போது வருகிறாய், அதை மட்டும் எழுது.

உன் மீசைக்கு எமனாகிய,
அண்ணி பூர்ணிமா

*

ஒடுகத்தூர்
5.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

1.2 அப்படியே நிற்கிறது. அம்மாவின் முட்டிவலி நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. உங்களுக்கு இந்தக் கத்திரி வெயில் ஒத்துக்கொள்கிறதா? கடையில் ஏசி போட்டாயிற்றா?

கோபப்படாமல் படியுங்கள். வெள்ளிக்கிழமை செக்கப்பில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "முடி எடுக்கலாம். ஆனா தோல்ல சின்னக் கீறல் விழுந்தாலும் உனக்கு அது வாசல் மாதிரி. கிருமி உள்ள பூந்தா அத அடிக்க நான் மாத்திரைய கம்மி பண்ணணும். மாத்திரைய கம்மி பண்ணா, உடம்பு கிட்னிய வேத்தாள்னு வெளிய தள்ள ஆரம்பிச்சிடும்" என்றார்கள். அண்ணன் வயிற்றைக் கிழித்துக் கொடுத்தது ஒரு மீசை முடிக்காகப் போய்விடும் என்று எனக்குக் கேட்டது. அவர்கள் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

சொன்னதை எழுதிக்கொண்டு வந்தேன். ப்ளீச், ஃபேஷியல் இரண்டும் வேண்டாம். வேக்ஸ் வேண்டவே வேண்டாம், தோல் உரியும். பிளேடு கூடாது. நூல் ஆளுக்குப் புதியது, டவல் துவைத்துக் காய்ந்தது. செய்கிறவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி க்ளவுஸ் மாட்ட வேண்டும். பருவோ புண்ணோ இருக்கிற இடத்தைத் தொடக்கூடாது. செய்கிறவருக்குச் சளி, காய்ச்சல், எது இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம்.

உங்கள் கடை சுத்தம் எனக்குத் தெரியாதா? அவர்கள் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொண்டால் உடனே எழுதிவிடுங்கள், எனக்குத் தூக்கம் வராது.

எழிலரசி

*

ஆம்பூர்
9.5.2025

எழிலுக்கு,

நலம். கடிதம் வந்தது.

என் கடையில் டவல் துவைப்பதில்லை என்று டாக்டரம்மாவிடம் யார் சொன்னது? பதினாலு வருஷத்தில் ஒரு கஸ்டமருக்கு ஒரு பரு வந்ததில்லை. பயமாக இருந்தால் ஆஸ்பத்திரியிலேயே முடி எடுக்கச் சொல். அங்கே எல்லாம் சுத்தமாக இருக்கும்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

பூர்ணிமா

*

ஆம்பூர்
13.5.2025

எழிலுக்குட்டிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. தபால்பெட்டிக்குள் கை விட்டு எடுக்க முடியாது என்பதால்தான் அது உன்னிடம் வந்தது. நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீ பதில் எழுதவில்லை, எழுதவும் மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா?

கோபம் எனக்கு டாக்டரம்மா மேல் இல்லை. உன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடையைச் சுற்றிப் பார்த்தேன். வேக்ஸ் சட்டியில் ஒரே மரக்குச்சியைப் பத்துப் பேருக்கு முக்கி எடுக்கிறேன். கால் ஊறவைக்கிற டப்பைச் சும்மா தண்ணீர் ஊற்றி அலசுகிறேன். வேலைக்கு நடுவே முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கை கழுவாமல் அப்படியே தொடர்கிறேன். யாரும் சாகவில்லை, அதனால் சரி என்று நினைத்துவிட்டேன்.

மே 27, செவ்வாய்க்கிழமை வா. செவ்வாயில் யாரும் முடி எடுக்க வரமாட்டார்கள், ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிடுகிறேன். நாற்காலியை டெட்டால் போட்டுத் துடைத்தாயிற்று. மூன்று புது டவலைக் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்தினேன். புது நூல்கண்டு ஒன்று கவர் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது, சௌமியாகூடத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். க்ளவுஸ் ஒரு டப்பா. ப்ளீச் கிடையாது, ஃபேஷியல் கிடையாது. நூல் மட்டும்.

எனக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இந்தச் சூட்டில் உதட்டோரம் நாலு கொப்புளம் வந்திருக்கிறது, அது வருஷா வருஷம் அக்கினி நட்சத்திரத்தில் வருவதுதான். வெண்ணெய் தடவினால் போய்விடும். நீ வருவதற்குள் காய்ந்துவிடும்.

வராமல் இருந்தால் நானே நூலோடு ஒடுகத்தூர் வருவேன்.

கோபத்தையும் அன்பையும் ஒரே கையால் எழுதுகிற,
அண்ணி

*

ஒடுகத்தூர்
28.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். 1.2 என்றுதான் நினைக்கிறேன், அடுத்த டெஸ்ட் ஒன்பதாம் தேதி. எல்லோரும் சுகமா? நேற்று பார்த்துவிட்டு இன்று கேட்பது வேடிக்கைதான், கேட்காமல் இருக்க முடியவில்லை.

கண்ணாடியில் என் முகம் இருக்கிறது. நிஜமாகவே என் முகம். அம்மா இரண்டு தரம் திருஷ்டி சுற்றினாள். நீங்கள் செய்ததற்கு நான் என்ன சொன்னாலும் கம்மி. டவல், க்ளவுஸ், பவுடர்கூடப் புது டப்பா. சௌமியாவை உள்ளே விடாமல் வாசலில் உட்கார வைத்தீர்கள். நீங்கள் அவ்வளவும் செய்ததைப் பார்த்து எனக்கு வாயடைத்துப் போய்விட்டது.

பஸ்ஸில் வரும்போது முகம் கொஞ்சம் எரிந்தது, வெயில்தான். வீட்டுக்கு வந்து நான்கு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்று காலையிலும் கழுவினேன். கண்ணாடி பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பதினாறாம் தேதி எப்போது வரும் என்று இருக்கிறது.

உங்கள் உதட்டுக் கொப்புளம் காய்ந்துவிட்டதா? சும்மா கேட்டேன்.

எழிலரசி

*

ஆம்பூர்
10.6.2025

எழிலுக்குட்டி,

அத்தை போனில் சொன்னார்கள். அம்மை போட்டு, காய்ச்சல் நிற்காமல் வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று. கேட்டதும் கையிலிருந்த நூல் அறுந்தது. உன் அண்ணன் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டு வந்தார். "முகம் பூரா இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

நான் வரக்கூடாது, சௌமியாவுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நீயே சொல்லி அனுப்பினாயாம். அம்மை இருக்கிற இடத்துக்குப் போகக்கூடாதுதான், எனக்கும் தெரியும். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. ஆறு நாளாக வீட்டில் தாளிக்கவில்லை. கடுகு பொரிகிற சத்தம் கேட்டால் ஆத்தாளுக்கு ஆகாது. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறேன். கடையைத் திறக்கவில்லை. உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

நல்லவேளை, முடியை எடுத்துவிட்டோம். இல்லையென்றால் முத்துக்கள் நடுவில் முடி சிக்கி இன்னும் எரிந்திருக்கும். அந்த வகையில் ஆத்தாள் கருணை வைத்தாள்.

நம்பர் எவ்வளவு? அண்ணனைக் கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார்.

வேண்டுதலோடு,
அண்ணி

*

வேலூர்
2.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். எல்லோரும் நலமா?

எழுதத் தாமதமாகிவிட்டது. கையில் ஊசி இருந்தது. இப்போது எடுத்துவிட்டார்கள். இன்னும் சில நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அம்மைதான். சரியாகிவிட்டது. தழும்பு கொஞ்சம் இருக்கும் என்கிறார்கள். பதினாறாம் தேதி வந்தது, போய்விட்டது. போனால் போகிறது.

கூழ் ஊற்றிவிடுங்கள். தாளிக்க ஆரம்பியுங்கள், அண்ணனுக்கு ரசம் பிடிக்கும்.

எழில்

*

ஆம்பூர்
21.7.2025

எழிலு,

இந்தக் கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. உன் போன கடிதத்தில் நீ நம்பர் எழுதவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தரம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ பெரிய மனுஷி போல "நலம்" என்று எழுதியதை நம்பிக் கூழ் ஊற்றினேன்.

சனிக்கிழமை கடைக்கு ஹுமேரா வந்தாள். வாணியம்பாடிப் பெண், வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சிஸ்டர். ஆம்பூரில் அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னிடம்தான் புருவம் எடுப்பாள். நாற்காலியில் சாய்ந்தவள், நான் நூலை எடுத்ததும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நூல வாயில வைக்காதீங்க."

"பல்லுல புடிக்காம எப்டிடி எடுக்கறது? பதினாலு வருசமா இப்டித்தான் எடுக்கறேன்" என்றேன்.

"கழுத்துல வளையம் மாதிரி கட்டிக்கிட்டு எடுக்கலாம். எங்க வார்டுல போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சுக்கா. கிட்னி மாத்துன பொண்ணு. முகம் பூரா கொப்புளம், கண்ணுக்குக் கிட்ட வந்துடுச்சு. வீட்ல அம்மைன்னு வேப்பிலையில படுக்க வெச்சு ரெண்டு நாள் ஓட்டிட்டாங்க. அது அம்மை இல்ல. உதட்டுல வருமே, சூட்டுக் கொப்புளம்னு சொல்வோமே, அந்தக் கிருமி. அது சூடே இல்லக்கா. எச்சில்ல இருக்கும், காஞ்ச பின்னாலயும் கொஞ்ச நாள் இருக்கும். நூலு வழியா தோலுக்குப் போயிடுச்சு. நமக்கு உதட்டோட நின்னுடும். அந்தப் பொண்ணுக்கு நிக்கல. மருந்து ஏத்துனா கிட்னிக்கு ஆகாது, ஏத்தலன்னா உயிருக்கு ஆகாது. டாக்டரம்மா ரெண்டு நாள் தூங்கவேயில்ல."

நான் நூலைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"எந்தப் பார்லர்னு டாக்டர் பத்து தடவ கேட்டாங்க. அங்க போற மத்தவங்களுக்காச்சும் சொல்லலாமேன்னு. 'நானே வீட்ல பண்ணிக்கிட்டேன்'னு சொல்லுச்சுக்கா அந்தப் பொண்ணு. கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லுச்சு."

பேர் சொல்லவில்லை அவள், ஊர் சொல்லவில்லை. எனக்கு எதற்குப் பேர்? அவள் போனதும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். டெட்டால் போட்டேன், டவலைக் கொதிக்கவைத்தேன், க்ளவுஸ் மாட்டினேன். எல்லாம் மாட்டிக்கொண்டு, பீரோவில் பூட்டி வைத்த புது நூலை எடுத்து என் புண் வாயில் கவ்வினேன். கவ்வினேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை எழிலு. மூச்சு விடுவது ஞாபகம் இருக்குமா? அந்தக் கையும் பல்லும் தானாகச் செய்தன.

என் வாயால்தான் வந்தது. அந்த வாயாலேயே ஆத்தாளை வேண்டினேன்.

நம்பர் என்ன? எவ்வளவாக இருந்தாலும் எழுது.

பூர்ணிமா

*

ஒடுகத்தூர்
4.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

2.9 வரைக்கும் போனது. இப்போது 1.6. இனி 1.2க்குத் திரும்பாது என்கிறார்கள். இதிலேயே நின்றால் போதுமாம். நிற்கும். உங்களுக்கும் அண்ணனுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? நீங்கள் சாப்பிடுவதில்லை என்று சௌமியா சொன்னாள்.

ஹுமேரா சிஸ்டர்தான் எனக்கு இரவும் பகலும் கண்ணில் மருந்து விட்டவர்கள். அவர்கள் உங்கள் கஸ்டமர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான் பார்த்தேன் அண்ணி. நீங்கள் நூலைப் பல்லில் வைத்தபோது என் முகத்துக்கு மேலே அரை அடியில் உங்கள் உதடு இருந்தது. ஓரத்தில் பொருக்கு இருந்தது. "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

எப்படிச் சொல்வேன்? பட்டியல் எழுதியதற்கே நான்கு நாள் சோறு இறங்கவில்லை உங்களுக்கு. அதற்குப் பிறகு எனக்காகக் கடையையே கழுவி வைத்திருந்தீர்கள். அதற்கும் முன்னால், மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரி ஆபீஸ் அறையில், "உங்க வீட்டுக்காரர் கிட்னி கொடுக்க உங்களுக்குச் சம்மதமா" என்று கேட்டபோது, சௌமியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டீர்கள். உங்கள் அம்மா வெளியே அழுதுகொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவரிடம் "வாயை எடுங்க" என்று எந்த வாயால் சொல்வது?

கொப்புளம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா "அம்மை" என்றாள். நான் ஆமாம் என்றேன். அம்மை என்றால் யாரும் ஏன், எங்கே என்று கேட்கமாட்டார்கள் இல்லையா? ஆத்தாள் வந்தாள், அவ்வளவுதான். இரண்டு நாள் வேப்பிலையில் படுத்திருந்தது அம்மாவின் தப்பு இல்லை. என்னுடையது. அண்ணனுக்கு இன்னும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

தாளித்துச் சாப்பிடுங்கள்.

எழில்

*

ஆம்பூர்
8.8.2025

ஏண்டி,

நலம் கிலம் எல்லாம் பிறகு. உன் கடிதம் வந்த நாளிலிருந்து உடம்பு பூராவும் எரிகிறது. முதலில் அழுதேன். இப்போது கோபம் வருகிறது, கோபத்தோடேயே எழுதுகிறேன், தாங்கிக்கொள்.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  மறுநாள் சட்டையைத் தூக்கி அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே, "ரெண்டு பேரும் சேர்ந்து அதக் கொன்னிருப்பீங்க. ஒருத்தி வாயால, ஒருத்தி வாயத் தொறக்காம" என்றார்.  

கையெழுத்துப் போட்டேனாம்! ஆமாம், போட்டேன். எதற்குப் போட்டேன்? நீ உயிரோடு இருக்கத்தான். என் மனசு நோகாமல் இருக்க நீ செத்துப் போகவா? அன்றைக்கு என் புருஷன் உடம்பிலிருந்து எடுத்து உனக்குள் வைத்தார்களே, அதற்கு நீதான் காவல். என்னிடமிருந்தும் நீதான் காக்க வேண்டும். நான் அண்ணி என்று பார்த்தாய். கிருமி அண்ணி என்று பார்க்குமா? "நிறுத்துங்க" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? முறைத்திருப்பேன். முணுமுணுத்திருப்பேன். இரண்டு நாள் போன் எடுத்திருக்க மாட்டேன். அதற்காகவா 1.2ஐ 1.6 ஆக்கினாய்?

தப்பு என்னுடையதுதான், அதை உன் தலையில் கட்டவில்லை. அதை நான் சாகிற வரைக்கும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் உன் பங்கு ஒன்று இருக்கிறது, அதை நீ வைத்துக்கொள்.

கழுத்தில் நூல் கட்டி எடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பதினாலு வருஷப் பல்லை மறக்கடிப்பது லேசா? வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டு, மேலே மாஸ்க் மாட்டிக்கொண்டு பழகுகிறேன். என் கால் முடி பூராவும் போயிற்று, இப்போது உன் அண்ணன் கை முடியை எடுக்கிறேன். கத்துகிறார். கத்தட்டும். உதட்டில் ஏதாவது வந்தால் அந்த வாரம் நூலைத் தொடமாட்டேன் என்று கடையில் எழுதி மாட்டிவிட்டேன். வருகிறவர்களிடம் "இன்னா மாத்திரை சாப்புடற?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். போன வாரம் ஒரு அம்மாள் மெதுவாக, மார்பில் கட்டி எடுத்து மருந்து ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பத்து மாதமாக என்னிடம் வருகிறவர்கள். நானும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

நீ மறுபடியும் என்னிடம் வருவாய். டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு வருவாய். வந்தால் ஒரு நிபந்தனை. நான் வேண்டுமென்றே ஒரு தப்புப் பண்ணுவேன். எது என்று சொல்லமாட்டேன். நீ கண்டுபிடித்து, என் முகத்தைப் பார்த்து, "நிறுத்துங்க" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் நூல் உன் முகத்துக்கு வரும். சொல்லத் தெரியாதவளுக்கு இந்தக் கடையில் வேலை கிடையாது.

முறைத்துக்கொண்டே முத்தம் கொடுக்கிற,
அண்ணி

*

ஒடுகத்தூர்
18.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

1.6. இரண்டரை மாதமாக அசையவில்லை. அம்மா தீபாவளிக்கு அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறாள், முட்டியைத் திட்டிக்கொண்டே. அங்கே கடையில் நெரிசல் எப்படி? இரண்டு நாளைக்கு நீங்கள் உட்காரவே முடியாது என்று தெரியும். அதனால்தான் போன் பண்ணவில்லை.

நேற்று இன்டர்வியூ முடிந்தது. இரண்டாம் தரம் கூப்பிட்டதே ஆச்சரியம். "முகத்தில் என்ன தழும்பு?" என்று கேட்டார்கள். "ஒரு தடவை பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்" என்று சொல்ல நினைத்தேன், "அலர்ஜி" என்றேன். எல்லா இடத்திலும் வாயைத் திறக்க வேண்டுமா என்ன? நவம்பர் மூன்றாம் தேதி சேரச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா சரி என்ற பிறகு உங்கள் கடைக்கு வந்த செவ்வாய்க்கிழமையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் கையைக் கழுவினீர்கள், உதட்டை விளக்கில் காட்டினீர்கள், மாஸ்க், க்ளவுஸ், கழுத்தில் நூல். எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உங்களை முழித்து முழித்துப் பார்த்தேன். எங்கே அந்தத் தப்பு, எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தேன். அப்போது போன் அடித்தது. சௌமியா பள்ளிக்கூடத்திலிருந்து. நீங்கள் க்ளவுஸ் கையாலேயே போனைத் தொட்டு அணைத்துவிட்டு, அதே விரலால் நூலை இழுத்துக்கொண்டு என் கன்னத்துக்கு வந்தீர்கள்.

நான் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். "அண்ணி, நிறுத்துங்க! போனத் தொட்டீங்க. க்ளவுஸ மாத்துங்க."

நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். கையைப் பார்த்தீர்கள், போனைப் பார்த்தீர்கள்.  ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தீர்கள்.

"நான் வெச்ச தப்பு அது இல்லடி" என்றீர்கள். "டவலுதான். உன் கழுத்துல போட்டது நேத்து ஒருத்திக்குப் போட்ட டவலு."

டவலை நான் கவனிக்கவே இல்லை அண்ணி. நீங்களும் போனைக் கவனிக்கவே இல்லை. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்தோமா அழுதோமா என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீங்கள் எழுந்து எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி கழுவி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தீர்கள். நூலைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றீர்கள்.

"இன்னா சொல்லணும்?"

"நிறுத்துங்கன்னு சொன்னியே, அத."

சொன்னேன். அதற்குப் பிறகுதான் எடுத்தீர்கள்.

முகத்தில் ஒன்றும் வரவில்லை. இன்றோடு நான்கு நாள். பதினான்கு நாள் வரைக்கும் தினமும் இரண்டு வேளை கண்ணாடி பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், எழுதுகிறேன். அடையாள அட்டைப் போட்டோவின் இன்னொரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். மாஸ்க் இல்லை. அதை அண்ணனிடம் கொடுங்கள், கடைச் சுவரில் மாட்டிவிடாதீர்கள்.

அடுத்த முறை டவலையும் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

உங்கள் நூலுக்குக் காவல்காரி,
எழிலரசி